எட்டு இஞ்சும் மூன்று இஞ்சும்

வால்வு ரேடியோ இருந்த வீடுகளில் செய்தி, நாடகம், கச்சேரி, சினிமாப் பாட்டு எல்லாமே ஒரே ஒரு ஸ்பீக்கரிலிருந்துதான் வந்தன. மரப்பெட்டியின் முகப்பில் நெய்த துணி. அதற்குப் பின்னால் ஆறு அல்லது எட்டு இஞ்ச் காகிதக் கோன். வூஃபர் தனி, ட்வீட்டர் தனி என்ற பேச்சே இல்லை. இரண்டுக்கும் சத்தத்தைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவரும் இல்லை. ஆண் குரலின் அடித்தொண்டை முதல் ஜால்ராவின் கிணுகிணுப்பு வரை ஒரே கோன் சுமந்தது. இப்படி எல்லாவற்றையும் தானே வாசிக்கும் ஒற்றை ஸ்பீக்கரைத்தான் ஃபுல் ரேஞ்ச் என்கிறோம்.

அந்த ஒற்றை ஸ்பீக்கர் இன்று திரும்பி வந்திருக்கிறது. இந்த முறை மூன்று இஞ்ச், மூன்றரை இஞ்ச் அளவில். கணினி மேசைக்கும் புத்தக அலமாரிக்கும் பூஜையறை மூலைக்கும் தாங்களே பெட்டி செய்து, உள்ளே ஒரு சின்ன ஃபுல் ரேஞ்சைப் பொருத்திக் கேட்பவர்கள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். அன்று வேறு வழியில்லாமல் ஒற்றை ஸ்பீக்கர். இன்று விரும்பி ஒற்றை ஸ்பீக்கர். இடையில் காந்தம் மாறியது, கோன் மாறியது, ஆம்ப் மாறியது, பெட்டியின் கணக்கும் வந்து சேர்ந்தது. எல்லாவற்றிலும் பெரிய மாற்றம், வாங்கப் போகும்போது எதை முதலில் கேட்கிறோம் என்பதில் நடந்திருக்கிறது.

வந்த சத்தத்தின் அகலம்

இன்றைக்கும் நாம் பயன்படுத்தும் கோன் ஸ்பீக்கரின் வடிவத்தை 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் கட்டுரையாக வெளியிட்டார்கள். காந்தத்தின் இடுக்கில் ஒரு சுருள் கம்பி, அதோடு ஒட்டிய காகிதக் கோன், வெளி விளிம்பில் மடிப்பு. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அடிப்படை அதுவேதான். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, நம் வீடுகளுக்கு வந்த ரேடியோக்களில் இருந்ததும் இந்த வகைதான்.

அன்றைய எட்டு இஞ்ச் எப்படி எல்லாவற்றையும் சமாளித்தது என்று இன்று வியப்பவர்கள், அதற்குள் போன சத்தம் எவ்வளவு குறுகியது என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய அலை ஒலிபரப்பில் நிலையத்துக்கு நிலையம் இடைவெளி 10 கிலோஹெர்ட்ஸ்தான். பிற்காலத்தில் அது 9 ஆனது. அதில் பாதிதான் பாட்டுக்குக் கிடைக்கும். ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ரேடியோவில் எதுவும் வராது. எனவே அதற்கு மேலே அந்தக் கோன் என்ன செய்யும் என்ற கேள்விக்கே இடமில்லை. வந்ததை முழுதாகக் கொடுத்தது. அந்தக் காலத்துக்கு அது உண்மையிலேயே ஃபுல் ரேஞ்ச்தான்.

பிறகு சத்தம் அகலமாயிற்று. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977-ல் சென்னையில் தொடங்கியது. அது 15 கிலோஹெர்ட்ஸ் வரை கொண்டுவரும். 1982-ல் சந்தைக்கு வந்த சி.டி. 20 கிலோஹெர்ட்ஸைத் தொட்டது. இவ்வளவு உயரத்துக்கு எட்டு இஞ்ச் கோனால் போக முடியவில்லை. மையத்தில் சின்னதாக இன்னொரு காகிதக் கோனை ஒட்டி மேல் சுரங்களை மீட்கும் வழியை இங்கிலாந்தில் பால் வாய்ட் 1930களிலேயே கண்டிருந்தார். நம் கடைகளில் டபுள் கோன் என்று பெயர் பெற்றது அந்த வகைதான். ஃபிலிப்ஸின் எட்டு இஞ்ச் 9710, அந்த வகையில் இன்றும் தேடி வாங்கப்படும் பெயர்.

ஆனால் பொதுச் சந்தை வேறு திசையில் போயிற்று. ட்வீட்டர் ஒன்று, மிட் ஒன்று, வூஃபர் ஒன்று என ஒரு பெட்டிக்குள் மூன்று ஸ்பீக்கர்கள் ஏறின. 1990களில் டெக் செட் வாங்கியவர்களுக்கு அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட பி.எம்.பி.ஓ. வாட் கணக்கு நினைவிருக்கும். காதுக்கும் அந்த எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஃபுல் ரேஞ்ச் என்றால் டிவிக்குள்ளும் டூ-இன்-ஒன்னுக்குள்ளும் இருக்கும் மலிவுச் சரக்கு என்ற எண்ணம் அப்போதுதான் வேரூன்றியது.

அந்த நாட்களிலும் ஒற்றை ஸ்பீக்கரைக் கைவிடாதவர்கள் இருந்தார்கள். வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன விடுதலைப் போராட்டக்காரர் ஒருவரின் மகன் அமர் போஸ், 1968-ல் வெளியிட்ட 901 பெட்டியில் ஒரே மாதிரியான சிறு ஃபுல் ரேஞ்சுகள் ஒன்பதை வைத்தார். எட்டு சுவரைப் பார்த்து, ஒன்று கேட்பவரைப் பார்த்து. ட்வீட்டரும் இல்லை, வூஃபரும் இல்லை. குறைகிற மேலையும் கீழையும் தனி ஈக்வலைசர் நிரப்பியது. ஒலிப்பதிவுக் கூடங்களிலோ ஆராடோன் என்ற கையடக்கமான ஒற்றை ஸ்பீக்கர் கன்சோல் மேலேயே குடியிருந்தது. மைக்கேல் ஜாக்சனின் த்ரில்லர் ஆல்பத்தை ஒலிக்கலவை செய்த புரூஸ் ஸ்வீடியன் அதை நம்பியவர்களில் ஒருவர். பாடகரின் குரல் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க, பிரிக்கப்படாத சத்தம்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

சின்னதாவதில் என்ன லாபம்

ஒலியின் அலைநீளம் கோனின் விட்டத்தைவிடச் சிறியதாகும்போது சத்தம் பரவாமல் டார்ச் வெளிச்சம் போல நேராக மட்டும் போகும். எட்டு இஞ்ச் ஸ்பீக்கரின் கோன் விட்டம் சுமார் 16 சென்டிமீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. வகுத்துப் பார்த்தால், சுமார் 2,100 ஹெர்ட்ஸிலேயே அது குறுகத் தொடங்கிவிடும். அதாவது பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவு பெறும் இடத்திலேயே. நேர் எதிரே உட்கார்ந்தவருக்கு ஒரு பாட்டு, அடுத்த நாற்காலிக்கு வேறு பாட்டு. மூன்று இஞ்சுக்கு கோன் விட்டம் 6 சென்டிமீட்டர்தான். அது சுமார் 5,700 ஹெர்ட்ஸ் வரை தாராளமாகப் பரப்பும். சின்ன கோன் எடை குறைந்தது, விறைப்பானது. அதனால் மேல் சுரங்களில் கோனே வளைந்து தாறுமாறாக அதிரத் தொடங்கும் இடமும் தள்ளிப்போகிறது.

இரண்டு வழிப் பெட்டிகளில் வூஃபரிலிருந்து ட்வீட்டருக்குக் கைமாறும் இடம் பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் வரும். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் பகுதியின் வாசல் அது. ஒரு குரலின் பாதி ஒரு இடத்திலிருந்தும் மீதி சற்று மேலே இன்னோர் இடத்திலிருந்தும் வரும். தள்ளி உட்கார்ந்தால் இரண்டும் கலந்துவிடும். கணினி மேசையில் முழங்கை தூரத்தில் உட்கார்ந்தால் கலக்காது. சின்ன ஃபுல் ரேஞ்ச் இந்தச் சிக்கலையே ஒழித்துவிடுகிறது. குரல் ஒரே புள்ளியிலிருந்து வருகிறது. பாலமுரளியின் கமகமோ பி.சுசீலாவின் ஒரு நீண்ட கார்வையோ தையல் தெரியாமல் கேட்கும்போது, இதற்காகத்தான் இவ்வளவு மெனக்கெட்டோம் என்று தோன்றும்.

இதற்கான விலையைக் கீழ்ச்சுரங்களில் கொடுக்க வேண்டியிருக்கிறது. பேஸ் என்பது காற்றைத் தள்ளும் வேலை. எட்டு இஞ்ச் கோனின் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். மூன்று இஞ்சுக்கு 28. ஏழு மடங்கு வித்தியாசம். ஆனால் அன்றைய கோனின் விளிம்பு, மடித்த காகிதம். ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு முன்னும் பின்னும் அசைந்தால் அதிகம். இன்றைய சின்ன ஸ்பீக்கர்களில் விளிம்பு ரப்பர். நல்லவை மூன்று மில்லிமீட்டர் வரை ஒழுங்காக அசைகின்றன. பரப்பையும் அசைவையும் பெருக்கினால் அன்றைய எட்டு இஞ்ச் தள்ளியது 20 கன சென்டிமீட்டர் காற்று, இன்றைய மூன்று இஞ்ச் தள்ளுவது 8-க்குக் கொஞ்சம் மேல். ஏழு மடங்காக இருந்த இடைவெளி இரண்டரை மடங்குக்குள் வந்துவிட்டது.

என்றாலும் இயற்கையின் கணக்கு கடுமையானது. அதே சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப கோன் நான்கு மடங்கு அசைய வேண்டும். பேஸ் கிட்டாரின் மிகக் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸ். அதை மூன்று இஞ்சிடம் எதிர்பார்ப்பது அநியாயம். இளையராஜா பாட்டுகளின் பேஸ் கிட்டார் நடையைப் பாக்கெட் டிரான்சிஸ்டரிலேயே மனப்பாடம் செய்த தலைமுறை நம்முடையது. அது எப்படிச் சாத்தியமானது? கீழ்ச்சுரம் வராவிட்டாலும் அதன் இரட்டை, மும்மடங்கு மேற்சுரங்கள் வந்தால், அவற்றை வைத்து அடிச்சுரத்தை மூளையே ஊகித்துக்கொள்கிறது. மெட்டு புரியும், நெஞ்சில் படும் கனம் கிடைக்காது. சின்ன ஸ்பீக்கர் வாங்குபவர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

கனம் பார்த்து வாங்கிய காலம்

ஸ்பீக்கரைக் கையில் தூக்கிப் பார்த்து, "மேக்னட் நல்ல கனம்" என்று சொல்லி வாங்குவது நம் பழக்கம். அதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆரம்ப கால ரேடியோக்களில் நிரந்தரக் காந்தமே கிடையாது. கம்பி சுற்றிய மின்காந்தம்தான். அதே சுருள் மின்சாரத்தின் இரைச்சலை வடிகட்டும் சோக்காகவும் வேலை செய்தது. பிறகு அல்நிகோ வந்தது. 1970களின் கடைசியில் ஜயர் நாட்டுக் கலவரத்தால் அதில் சேரும் கோபால்ட்டின் விலை எகிறியதும், உற்பத்தியாளர்கள் கூட்டமாக ஃபெர்ரைட்டுக்கு மாறினார்கள். அந்தக் கறுப்பு வளையம் மலிவு, ஆனால் பலம் வேண்டுமென்றால் பெரிதாக இருக்க வேண்டும். கனத்தை நம்பியது அதனால்தான்.

1980களின் தொடக்கத்தில் ஜப்பானின் மசாதோ சகாவாவும் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே நியோடிமியம் காந்தத்தைக் கண்டுபிடித்தார்கள். கட்டைவிரல் நகம் அளவுள்ள அந்தக் காந்தம், பழைய வளையம் செய்த வேலையைச் செய்கிறது. அதனால் இன்று கையில் லேசாக இருக்கும் ஸ்பீக்கர், கனமானதைவிடப் பலசாலியாக இருக்கலாம். தராசு இங்கே உதவாது. பலத்தைச் சொல்ல, தயாரிப்பாளர் தரும் அட்டவணையில் தனி எண் இருக்கிறது.

ஆம்பும் சேர்ந்தே மாறியது. ஒற்றை ஈ.எல்.84 வால்வு தரக்கூடியது நான்கைந்து வாட். அந்தக் கொஞ்ச சக்தியில் வீடு நிறைய வேண்டுமென்றால், ஸ்பீக்கர் கொடுத்ததை வீணாக்காமல் சத்தமாக்க வேண்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 94 டெசிபெல் தரும் எட்டு இஞ்ச் அன்று அவசியம். இன்றைய மூன்று இஞ்சுகள் 85 டெசிபெல் அளவில் நிற்பவை. 9 டெசிபெல் வித்தியாசம் என்றால் எட்டு மடங்கு சக்தி. அன்றைய ஒரு வாட் இன்று எட்டு வாட். வால்வு காலத்தில் இது நினைத்துப் பார்க்க முடியாத செலவு. அசெம்பிள்டு செட்டுகளின் காலத்தில் 4440 ஐ.சி. அந்தப் பாரத்தைக் கொஞ்சம் குறைத்தது. தமிழ்நாட்டில் அந்த போர்டைச் சாலிடர் வைக்காத எலக்ட்ரானிக்ஸ் பையன்கள் குறைவு. இப்போது டி.பி.ஏ.3116 போன்ற கிளாஸ் டி சிப் உள்ள உள்ளங்கை அளவு போர்டு, லேப்டாப் அடாப்டரிலேயே இருபது முப்பது வாட் தருகிறது. ஸ்பீக்கர் சின்னதானதற்குக் காந்தம் எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம், சக்தி மலிந்ததும்தான்.

பெட்டிக்குக் கணக்கு வந்த கதை

அன்று பெட்டி என்பது ஆசாரியின் கைப்பக்குவம். ஸ்பீக்கர் உள்ளே போனால் சரி. அகலம் அலமாரிக்குப் பொருந்தினால் சரி. டீக்கடைகளில் பானை ஸ்பீக்கர் தொங்கியதும், ரெக்சின் ஒட்டிய ஒரு ஜோடி பாக்ஸ் சுவரில் ஏறியதும் அப்படித்தான். சில பெட்டிகள் அற்புதமாகப் பாடின, சில குடத்துக்குள் பேசுவது போல முழங்கின. எதனால் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-லும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் இதற்கு விடை எழுதினார்கள். ஒரு ஸ்பீக்கருக்கு எந்தப் பெட்டி என்பதைச் சில எண்களே சொல்லிவிடும் என்று நிறுவினார்கள். அவற்றில் மூன்று முக்கியம். எஃப்.எஸ். என்பது கோன் தன் இயல்பில் அதிரும் அதிர்வெண். க்யூ.டி.எஸ். என்பது அந்த அதிர்வைக் காந்தமும் தொங்கலும் எவ்வளவு கட்டுப்படுத்துகின்றன என்பதன் அளவு. வி.ஏ.எஸ். என்பது கோனின் தொங்கலுக்குச் சமமான துள்ளல் கொண்ட காற்றின் கொள்ளளவு, லிட்டரில்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். மூன்று இஞ்ச் ஒன்றின் எஃப்.எஸ். 90 ஹெர்ட்ஸ், க்யூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 3 லிட்டர் என்று அட்டவணை சொல்கிறது. காற்றுப் புகாத மூடிய பெட்டியில் சமனான ஒலி வேண்டுமென்றால் மொத்த க்யூ 0.7 ஆக வர வேண்டும். 0.7-ஐ 0.5-ஆல் வகுத்தால் 1.4. அதன் வர்க்கம் 1.96. ஒன்றைக் கழித்தால் 0.96. வி.ஏ.எஸ்.-ஐ அதால் வகுத்தால் பெட்டி சுமார் 3.1 லிட்டர். அந்தப் பெட்டியில் அதிர்வெண் 1.4 மடங்கு ஏறி 126 ஹெர்ட்ஸாகும். அதற்குக் கீழே சத்தம் சரியத் தொடங்கும். பலகையை அறுக்குமுன், பேனாவும் காகிதமும் வைத்து ஐந்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளும் விஷயம் இது. பெட்டியை இரண்டு மடங்காக்கினால் பேஸ் இரண்டு மடங்காகாது என்பதும், பாதியாக்கினால் முழக்கம் கூடும் என்பதும் இதே கணக்கிலிருந்து வந்துவிடும்.

இதையெல்லாம் கட்டிப்போடும் ஒரு விதியையும் நினைவில் வைக்கலாம். கே.எல்.எச். நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்துக்கு உரிய ஆன்டன் ஹாஃப்மன் சொன்னது. ஆழமான பேஸ், சின்ன பெட்டி, குறைந்த சக்தியில் நிறைந்த சத்தம்: மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். நம் பாட்டன் காலத்து ரேடியோ சத்தத்தை எடுத்துக்கொண்டு சின்ன பெட்டியை விட்டது. நாம் சின்ன பெட்டியை எடுத்துக்கொண்டு சத்தத்தை விடுகிறோம். விட்டதை ஆம்ப் ஈடு செய்கிறது.

கடை மேசையில்

சென்னை ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது ஒரு காலத்தில் முழுக்க முழுக்க கையும் காதும் சம்பந்தப்பட்ட வேலை. பழைய டிவியிலிருந்து கழற்றிய முட்டை வடிவ ஸ்பீக்கர்கள் ஒரு பக்கம், புதுசு ஒரு பக்கம். இரு கட்டைவிரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கம் வைத்து மெல்ல உள்ளே அழுத்துவார்கள். காயில் என்கிற சுருள் கம்பி காந்தத்தில் உரசினால் விரலுக்கு மணல் நெருடுவது போலத் தெரியும்; அது கழித்துக்கட்ட வேண்டியது. பிறகு ஒரு ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுப்பார்கள். 'டப்' என்று சுத்தமாக வர வேண்டும். கோன் வெளியே துள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் ஸ்பீக்கரின் பிளஸ். இந்தச் சோதனைகள் இன்றும் காலாவதியாகவில்லை. எந்தப் புது ஸ்பீக்கரையும் பெட்டியில் திருகுமுன் நான் இதைச் செய்கிறேன்.

இன்று அதோடு அட்டவணையும் சேர்ந்திருக்கிறது. ஜப்பானின் ஃபாஸ்டெக்ஸ், அரை நூற்றாண்டுக்கு மேலாக எஃப்.இ.103 என்ற நாலு இஞ்சை மெருகேற்றி விற்றுவருகிறது. தைவானின் டாங் பேண்ட், மூங்கில் நார் கலந்த கோனில் டபிள்யூ4-1320 தருகிறது. இந்தோனேசியாவின் சுரபாயாவில் தயாராகும் எஸ்.பி. அகஸ்டிக்ஸின் இரண்டரை இஞ்சில் அலுமினியக் கோன். அமெரிக்க டேட்டன் ஆடியோவின் பி.எஸ்.95, டென்மார்க் மரபில் வந்த டி.சி.9 இரண்டும் மூன்றரை இஞ்சில் முதல் பெட்டி செய்பவர்கள் அதிகம் நாடுபவை. மார்க் ஃபென்லன் வடிவமைக்கும் மார்க்ஆடியோ வரிசையில் உலோகக் கோன், காகிதக் கோன் இரண்டும் உண்டு.

பெயரைவிட அட்டவணையின் சில வரிகளே பயன் தரும். கோன் எத்தனை மில்லிமீட்டர் நேர்மையாக அசைகிறது, க்யூ.டி.எஸ். மூடிய பெட்டிக்கு ஏற்றதா, பேஸ் ட்யூப் வைத்த பெட்டிக்கு ஏற்றதா. வரைபடத்தில் 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸுக்குள் மேடு இருக்கிறதா. அந்த மேடு இருந்தால் பெண் குரலும் வயலினும் அரை மணி நேரத்தில் காதைக் களைக்க வைக்கும். பக்கவாட்டில் 30 டிகிரியில் எடுத்த கோடும் நேர்க்கோட்டோடு சேர்ந்தே மெல்ல இறங்க வேண்டும். உலோகக் கோனில் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கூர்முனை இருக்கக்கூடும். ஸ்பீக்கரை நேராகக் காதுக்குத் திருப்பாமல் கொஞ்சம் விலக்கி வைத்தால் அது அடங்கும்.

நம் ஊர் வெயிலுக்கும் கடற்கரை ஈரத்துக்கும் தனியாக ஒரு வரி சேர்க்க வேண்டும். ஃபோம் விளிம்பு பத்துப் பதினைந்து ஆண்டில் உதிர்ந்து தூளாகிவிடும். ரப்பர் விளிம்பே நமக்கு ஏற்றது. பெட்டிக்கும் ஈரத்தில் ஊதும் எம்.டி.எஃப்.-ஐவிட நல்ல பிளைவுட் நிற்கும்.

அட்டவணை இல்லாத உள்ளூர்ச் சரக்கையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே 1,000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு, போனில் டோன் ஜெனரேட்டர் செயலியை 40 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் வைத்த மல்டிமீட்டரின் ஏ.சி. அளவு ஓரிடத்தில் உச்சம் தொட்டு இறங்கும். அந்த அதிர்வெண்தான் எஃப்.எஸ். கோனில் எடை தெரிந்த களிமண் உருண்டை ஒன்றை ஒட்டி மறுபடி அளந்தால் வி.ஏ.எஸ்.-ஐயும் கணக்கிட்டுவிடலாம். ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்தில் மட்டுமே நடந்த வேலை இப்போது சமையலறை மேசையில் நடக்கிறது.

கேள்விகளின் வரிசை

அன்று கடையில் கேட்ட முதல் கேள்வி: எத்தனை இஞ்ச், எத்தனை வாட்? இன்று அது கடைசிக் கேள்வி. முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு தூரத்தில் உட்காரப் போகிறோம் என்பது. திறந்தவெளிக் கணக்கில் தூரம் பாதியானால் 6 டெசிபெல் லாபம். கூடத்தில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்து மூன்று இஞ்சிடம் விசேஷ வீட்டுச் சத்தம் கேட்டால் கோன் திணறும். மேசையில் முக்கால் மீட்டரில் அதே ஸ்பீக்கர் ராஜாவாக இருக்கும்.

அடுத்தது, என்ன கேட்கப் போகிறோம். குரல், வீணை, வயலின், பழைய திரைப்பாடல், பேச்சு என்றால் நல்ல மூன்று இஞ்ச் ஜோடி தனியாகவே போதும். இன்றைய திரையிசையின் கனமான தாளங்களும் வேண்டுமென்றால், 150 முதல் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைச் சின்ன சப்வூஃபரிடம் ஒப்படைத்துவிடலாம். இதனால் பேஸ் மட்டும் லாபமில்லை. பெரிய அசைவிலிருந்து விடுபட்ட கோன், குரலையும் தெளிவாகச் சொல்லும். கைமாறும் இடம் குரலின் நடுப்பகுதிக்குக் கீழேயே நின்றுவிடுவதால், ஒற்றைப் புள்ளியின் சுகமும் கெடுவதில்லை.

மூன்றாவது, பெட்டி எங்கே நிற்கும். 15 சென்டிமீட்டர் அகலமுள்ள பெட்டியில், சுமார் 770 ஹெர்ட்ஸை ஒட்டிக் கீழே போகப்போக ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் வழிந்துபோகும். முன்னால் இருப்பவருக்குக் கீழ்ப்பகுதி 6 டெசிபெல் வரை மெலியும். சின்ன ஃபுல் ரேஞ்ச் "சீறுகிறது" என்று குறை சொல்பவர்கள் பெரும்பாலும் கேட்பது இந்தச் சரிவைத்தான். ஒரு காயிலும் ரெசிஸ்டரும் பக்கம் பக்கமாக இணைத்து ஸ்பீக்கருக்கு முன்னால் போட்டால் மேல்பகுதி கொஞ்சம் அடங்கிச் சமனாகும். சுவரை ஒட்டி வைத்தால் சுவரே பாதியை ஈடு செய்துவிடும். மூன்று டெசிபெல் திருத்தம் போதும். இப்போது மலிவாகக் கிடைக்கும் டி.எஸ்.பி. போர்டுகளில் இதை நாலைந்து சொடுக்குகளில் செய்யலாம். போஸ் 1968-ல் தனிப் பெட்டியில் விற்ற ஈக்வலைசர், இன்று நகத்தளவு சிப்புக்குள் இருக்கிறது.

இந்த மூன்றுக்கும் பதில் எழுதிய பிறகு இஞ்சும் வாட்டும் தாமாகவே முடிவாகிவிடும்.

கைவிட்டுப் போகக் கூடாதது

வந்ததையெல்லாம் சொல்லும்போது போனதையும் சொல்ல வேண்டும். அன்றைய ஸ்பீக்கர் செத்துப் போவதில்லை. காயில் எரிந்தால் ரீகோன் கடைக்குப் போகும். பழைய எக்ஸ்ரே படத்தை மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, காந்தத்தின் நடுத்தூணுக்கும் புதுக் காயிலுக்கும் இடையில் நாலு பக்கமும் செருகுவார் மேஸ்திரி. காயில் மயிரிழை பிசகாமல் நடுவில் நிற்கும். ஸ்பைடரை ஒட்டி, கோனை ஒட்டி, பசை காய்ந்ததும் கீற்றுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, நடுவில் டஸ்ட் கேப் வைத்து மூடுவார். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடுக்கில் கண்ணளவால் நடக்கும் வேலை அது. எட்டு இஞ்சும் பன்னிரண்டு இஞ்சும் இன்றும் அப்படிப் பிழைக்கின்றன. மூன்று இஞ்சுக்கு உதிரி கோனும் காயிலும் கிடைப்பது அரிது, எரிந்தால் குப்பைதான். வாங்கும்போதே சக்திக்கு ஒரு எல்லை வைத்து, கீழ் அதிர்வெண்களை வெட்டிப் பாதுகாப்பது நம் பொறுப்பாகிறது.

ரீகோன் மேஸ்திரியின் விரலும் தீலும் ஸ்மாலும் தந்த எண்களும் இதுவரை ஒரே மேசையில் சந்திக்கவில்லை. ஒருவருக்குக் கைத்தொழில் தெரியும், அட்டவணை தெரியாது. மற்றவருக்கு அட்டவணை மனப்பாடம், பசை எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று தெரியாது. இவர்களைச் சேர்த்துவைக்க நம் ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும்தான் சரியான இடம். ஒரு மூன்று இஞ்ச் ஸ்பீக்கர், ஒரு பிளைவுட் துண்டு, ஒரு மல்டிமீட்டர், ஒரு ஆம்ப் போர்டு, இவை போதும். அலைநீளமும் அதிர்வெண்ணும் காந்தமும் மரவேலையும் மின்சுற்றும் ஒரே பயிற்சிக்குள் வந்துவிடுகின்றன. தான் போட்ட கணக்கு சரியா என்று மதிப்பெண் பட்டியலுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே காதால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாடம் வேறு எத்தனை இருக்கிறது? அப்படிப் பயின்ற பிள்ளைகள், நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாங்குகிற, எரிந்தால் கழற்றி மாற்றக்கூடிய ஒரு மூன்று இஞ்சைத் தாங்களே வடிவமைக்க முடியும். அறிவும் கருவியும் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டன. வகுப்பறைக் கதவைத் திறப்பது ஒன்றுதான் பாக்கி.